4கே ப்ளூ-ரே டிரைவ்: வாங்கும் முன் உங்கள் பிராசசர் எது என்று பாருங்கள்

போன மாதம் யுஎஸ்பியில் செருகும் 4கே ப்ளூ-ரே (டிவிடிக்குப் பின் வந்த, படம் இன்னும் தெளிவாக இருக்கும் டிஸ்க்) டிரைவ் ஒன்று வாங்கினேன். 14,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது. டிரைவ் நல்ல டிரைவ்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் எதற்காக வாங்கினேனோ அந்த ஒரு வேலை, அதாவது 4கே டிஸ்க்கைப் போட்டு என் கம்ப்யூட்டரில் படம் பார்ப்பது, நடக்கவில்லை. இந்தக் கம்ப்யூட்டர் இருக்கும்வரை நடக்கவும் நடக்காது. டிரைவில் பழுது இல்லை, டிஸ்க்கில் கீறல் இல்லை. திருட்டு காப்பியைத் தடுப்பதற்கென்று வைத்திருக்கும் பூட்டுகள்தான் காரணம். எந்தக் கம்பெனி டிரைவ் வாங்கினாலும் இதேதான் என்பதால் என்னுடையதன் பெயரை எழுதவில்லை.

சிகாகோவில் இருக்கும் மச்சான் இந்த முறை ஊருக்கு வந்தபோது ஒன்பது டிஸ்க் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் காசு கொடுத்து வாங்கிய அசல் 4கே டிஸ்க்குகள். சாதாரண ப்ளூ-ரே என்றால் மண்டலப் பிரச்சினை உண்டு, அமெரிக்கா ஏ மண்டலம், இந்தியா சி மண்டலம், அங்கே வாங்கியது இங்கே ஓடாமல் போகலாம். 4கே டிஸ்க்குக்கு அந்த மண்டலப் பூட்டே கிடையாது. அதை விசாரித்துவிட்டுத்தான் மச்சான் வாங்கியிருக்கிறார். நானும் அந்த நம்பிக்கையில்தான் டிரைவுக்கு ஆர்டர் போட்டேன்.

டிரைவைப் பற்றி முதலில். சத்தம் குறைவு, தட்டு ஆடாமல் வருகிறது. எழுதுவது, படிப்பது இரண்டும் ஒழுங்காகச் செய்கிறது. எங்கள் வீட்டில் 2009இல் எடுத்த அக்கா கல்யாண டிவிடி ஒன்று உண்டு. பழைய டிரைவில் போட்டால் தாலி கட்டும் இடத்தில் சரியாக வந்து நின்றுவிடும், கீறல் அங்கேதான் விழுந்திருக்கிறது. இதில் ஒரு நொடி தயங்கி, அப்புறம் நிற்காமல் கடைசிவரை ஓடியது. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து முழுவதும் பார்த்தார். அதற்கே பாதிப் பணம் தகும் என்று தோன்றியது. கூடவே வாங்கிய பிளேயர் மென்பொருளில் சாதாரண ப்ளூ-ரேயும் நன்றாக ஓடியது.

அடுத்து 4கே டிஸ்க்கைப் போட்டேன். டிரைவ் சுற்றியது, டிஸ்க்கின் பெயர்கூடத் திரையில் வந்தது, உடனே ஒரு பெட்டி: உங்கள் கணினி இதற்கான தேவைகளைப் பூர்த்தி செய்யவில்லை. என்ன தேவை என்று அதில் இல்லை. மென்பொருள் நிறுவனமே ஒரு சோதனைக் கருவி தருகிறது, அதைத் தேடி இறக்கி ஓட்டினேன். வரிசையாக வரிகள் வந்தன, சிலவற்றுக்கு எதிரே பச்சை, சிலவற்றுக்கு எதிரே சிவப்பு. மானிட்டர் பச்சை, டிரைவ் பச்சை. பிராசசருக்கு எதிரே சிவப்பு. என்னுடையது இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய இன்டெல் ஐ5, 12ஆம் தலைமுறை. வேகம் போதவில்லையோ என்று நினைத்தேன். இல்லை, அது புதிதாக இருப்பதுதான் தடை.

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் டிரைவ் வந்த பெட்டியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 4கே டிஸ்க்கில் இருக்கும் படம் ஏஏசிஎஸ் 2.0 என்ற முறையில் பூட்டப்பட்டது. கம்ப்யூட்டரில் அதைத் திறக்கும் சாவி யார் கண்ணுக்கும், விண்டோஸ் கண்ணுக்குக்கூடப் படக்கூடாது என்பது நிபந்தனை. அதற்கு பிராசசருக்குள்ளேயே எஸ்ஜிஎக்ஸ் என்று ஒரு தனிப் பூட்டறை வேண்டும், சாவி அதற்குள்ளேயே இருக்கும், வேலை அதற்குள்ளேயே நடக்கும். 4கே டிஸ்க் ஓட்டத் தகுதியானது என்று ஏற்கப்பட்ட முதல் பிராசசர்கள் இன்டெலின் 7ஆம் தலைமுறை, டெஸ்க்டாப்புக்கு அவை வந்தது 2017 ஜனவரியில். 2018இல் அந்தப் பூட்டறையையே உடைக்கும் வழி ஒன்றை ஆய்வாளர்கள் கண்டுபிடித்து, அதற்கு ஃபோர்ஷேடோ என்று பெயரும் வைத்தார்கள். பிறகு 11, 12ஆம் தலைமுறைகளில் வீட்டுக் கம்ப்யூட்டர் பிராசசர்களிலிருந்து இன்டெல் எஸ்ஜிஎக்ஸை எடுத்தே விட்டது. சர்வர்களுக்கான ஸியான் பிராசசர்களில் மட்டும் வைத்துக்கொண்டது. ஆக, 7 முதல் 10 வரை நான்கு தலைமுறை மட்டும்தான். அதற்கு முன்னால் வாங்கியவருக்கும் இல்லை, பின்னால் வாங்கியவருக்கும் இல்லை. ஏஎம்டி வைத்திருப்பவருக்கு எந்தக் காலத்திலும் இல்லை. தனியாக கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தாலும் உதவாது, இன்டெல் பிராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் வழியாகத்தான் படம் வெளியே வர வேண்டும்.

விற்பனைக்கு இருக்கும் புது வீட்டுக் கம்ப்யூட்டர் எதிலும் ஓடாத ஒரு விஷயத்தைப் பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் போட்டு இன்னமும் விற்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, பழைய கம்ப்யூட்டரில் பார்ப்போம் என்று தங்கை வீட்டில் சும்மா கிடந்த டெஸ்க்டாப்பைத் தூக்கிவந்தேன், 8ஆம் தலைமுறை. பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள் போய் எஸ்ஜிஎக்ஸைத் தேடி ஆன் செய்து, அதற்கு 128 எம்பி ஒதுக்கி, விண்டோஸ் 10ஐ ஏற்றி, டிரைவர் எல்லாம் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. சோதனைக் கருவியில் பிராசசர் பச்சையாகிவிட்டது. இப்போது சிவப்பு வேறு இடத்தில்: ஹெச்டிசிபி 2.2. அதாவது கம்ப்யூட்டரிலிருந்து மானிட்டருக்குப் போகும் கேபிளிலும் படம் பூட்டப்பட்டே போக வேண்டும். இரண்டு முனையும் ஒன்றையொன்று விசாரித்து, நீ நம்பத்தகுந்தவன்தான் என்று உறுதிசெய்த பிறகே படம் நகரும். தங்கை கம்ப்யூட்டரின் மதர்போர்டில் மானிட்டரைச் செருக இருந்தது ஒரு விஜிஏ, ஒரு பழைய ஹெச்டிஎம்ஐ 1.4, இரண்டிலும் அந்த வசதி இல்லை. அவ்வளவுதான். அந்தத் தலைமுறையில் விலை குறைந்த போர்டுகள் நிறைய இப்படித்தான் வந்தன. கேபிளை மாற்றிப் பார்த்தேன், மானிட்டரை மாற்றிப் பார்த்தேன். போர்டில் இல்லாததை எங்கிருந்து கொண்டுவருவது?

கடைசியில் ஒரு நண்பர் தன்னிடம் இருந்த சின்னப் பெட்டிக் கம்ப்யூட்டரைக் கொடுத்தார், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, 7ஆம் தலைமுறை, ஹெச்டிஎம்ஐ 2.0 உள்ளது. அதில் எல்லா வரியும் பச்சை. டிஸ்க்கைப் போட்டதும் சாவிக்காக ஒரு முறை இணையத்தைத் தொட்டுவிட்டு வந்தது, அதற்குப் பிறகு படம் ஓடியது. உண்மையாகச் சொல்கிறேன், அப்படி ஒரு படத்தை என் வீட்டுத் திரையில் நான் பார்த்ததில்லை. ஒரு மழைக் காட்சி, இரவு, தெருவிளக்கின் கீழே ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரிந்தது. இருட்டுப் பகுதியில் இணைய ஒளிபரப்பில் கட்டம் கட்டமாகத் தெரியுமே, அது துளியும் இல்லை. அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்த்தார். படம் முடிந்த மறுநாள் நண்பருக்கு அந்தப் பெட்டி வேலைக்கு வேண்டியிருந்தது, கொடுத்துவிட்டேன். மீதி எட்டு டிஸ்க் அப்படியே அலமாரியில் இருக்கிறது.

இத்தனை கெடுபிடி எதைத் தடுத்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். டிவிடியின் சிஎஸ்எஸ் பூட்டு 1999இலேயே உடைந்தது. அதற்காக நார்வேயில் ஜான் லெக் யோஹான்சன் என்ற இளைஞர்மேல் வழக்குப் போட்டார்கள், 2003இல் அவர் விடுதலையானார். ப்ளூ-ரேக்கும், அதற்குப் போட்டியாக வந்த ஹெச்டி டிவிடிக்கும் 2006இல் ஏஏசிஎஸ் பூட்டோடு வந்தார்கள், அடுத்த வருடமே அதன் சாவி ஒன்று இணையம் முழுக்கப் பரவியது. கேபிள் பூட்டான ஹெச்டிசிபியின் மூலச் சாவி 2010இல் வெளியானது, இன்டெலே அதை உண்மை என்று ஒப்புக்கொண்டது. திருடுகிறவனுக்கு ஒரு நாளும் பூட்டு தடையாக இருந்ததில்லை. அவன் கையில் கிடைப்பது பூட்டு கழற்றிய வெறும் கோப்பு, எந்தக் கம்ப்யூட்டரிலும் எந்த மானிட்டரிலும் ஓடும். ஒவ்வொரு வாசலிலும் நின்று சோதனைக்கு உட்பட வேண்டியவர் டிஸ்க்கைக் காசு கொடுத்து வாங்கியவர் மட்டும்தான். பீட்டர் குட்மன் என்ற நியூசிலாந்து ஆய்வாளர் 2006 இறுதியில், விண்டோஸ் விஸ்டாவில் இந்தப் பாதுகாப்பு ஏற்பாடுகள் எல்லாம் உள்ளே வந்த சமயத்தில், இதன் செலவை எல்லோரும் சுமக்க வேண்டியிருக்கும் என்று விரிவாக எழுதினார். அவர் சொன்னதில் சிலவற்றை மைக்ரோசாஃப்ட் மறுத்தது. ஆனால் செலவு யார் தலையில் விழுகிறது என்ற விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி என்று என் மேசையில் கிடக்கும் டிரைவைப் பார்க்கும்போது தோன்றுகிறது.

பூட்டை உடைத்துப் பார்க்கலாமே என்று இரண்டு பேர் சொன்னார்கள். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் 65ஏ என்ற பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு வருடம்வரை சிறை, அபராதமும் உண்டு. சொந்த டிஸ்க்கைச் சொந்த வீட்டில் பார்ப்பவருக்கு அந்த நோக்கம் கிடையாதுதான். ஆனாலும் காசு கொடுத்து வாங்கியதைப் பார்க்க நான் ஏன் அந்த வழியில் போக வேண்டும்?

டிஸ்க்கே வேண்டாம், சந்தா கட்டி இணையத்தில் பார்க்கலாம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கேயும் இதே பூட்டுகள்தான். நெட்ஃப்ளிக்ஸில் 4கேக்கு மாதம் 649 ரூபாய் பிரீமியம் சந்தா கட்டினாலும், விண்டோஸில் எட்ஜ் பிரவுசரிலோ அவர்களுடைய ஆப்பிலோ பார்த்தால் 4கே வரும், எல்லா பிரவுசரிலும் வராது. ஹெச்டிசிபி 2.2 உள்ள திரையும் வேண்டும், ஹெச்இவிசி என்ற வீடியோ நீட்டிப்பும் விண்டோஸில் இருக்க வேண்டும். உங்களுக்கு உண்மையில் எவ்வளவு வருகிறது என்று பார்க்க, படம் ஓடும்போது கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், டி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள், திரையிலேயே எண்கள் வரும். நான் வைத்திருக்கும் வேறொரு சேவையில், பக்கத்தில் அலுவலக வேலைக்காகச் செருகியிருந்த பழைய மானிட்டரால் மாதக்கணக்கில் தரம் குறைந்த படத்தையே பார்த்திருக்கிறேன். அதைக் கழற்றிய நிமிடமே படம் தெளிந்தது. ஒரு எச்சரிக்கைகூட வராமல் தரத்தை இறக்கிவிட்டு முழுச் சந்தாவையும் வாங்கிக்கொள்வது நியாயமே இல்லை.

வாங்கிய கடையில் டிரைவைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பொருளில் பழுது இல்லை, எனவே திருப்ப முடியாது என்றார்கள். பேசிய பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கே இந்த விஷயம் தெரியாது, நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். கடையின் இணையப் பக்கத்தில் பிராசசர் விவரத்தைச் சேர்க்கச் சொல்லி எழுதியும் கொடுத்துவிட்டு வந்தேன். இதுவரை சேர்க்கவில்லை.

மதிப்பெண் கேட்டால், டிவிடிக்கும் சாதாரண ப்ளூ-ரேக்கும் 5க்கு 4. கம்ப்யூட்டரில் 4கே டிஸ்க் பார்ப்பதற்கு 5க்கு 1, அந்த ஒன்றும் நண்பர் வீட்டுப் பெட்டிக்காக. 4கே டிஸ்க் பார்க்கத்தான் வேண்டும் என்றால் டிவியில் செருகும் தனி பிளேயர் வாங்குங்கள், பிராசசர் தலைவலி எதுவும் இல்லை. அதுவும் தள்ளிப்போடாமல் வாங்குவது நல்லது. சாம்சங் 2019இலேயே அந்தத் தொழிலை விட்டுவிட்டது, எல்ஜியும் 2024இல் நிறுத்திவிட்டது. நானும் அதற்குத்தான் இப்போது பணம் சேர்க்கிறேன்.

உங்கள் வீட்டில் 7 முதல் 10க்குள் உள்ள இன்டெல் கம்ப்யூட்டர் ஏற்கெனவே இருந்து, அதில் 4கே டிஸ்க் ஓடிக்கொண்டும் இருந்தால், தயவுசெய்து அதை மாற்றிவிடாதீர்கள். விண்டோஸ் 11க்கு ஏற்றினாலோ, இன்டெல் டிரைவர்களைப் புதுப்பித்தாலோ அது நின்றுபோக வாய்ப்பு இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது, அதனால் அந்தக் கம்ப்யூட்டரில் வங்கி வேலை, மெயில் எதுவும் வைத்துக்கொள்ளாமல் படம் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாவி வாங்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் இணையக் கேபிளைக் கழற்றியே வையுங்கள்.