கார்புரேட்டர் ஜிப்சியை எம்பிஎஃப்ஐ ஆக்கும்போது பெட்ரோல் லைனுக்கு எதைப் போடுவது?

பெங்களூரில் பழைய கார்புரேட்டர் வண்டியை எம்பிஎஃப்ஐ என்ற இன்ஜெக்ஷனுக்கு (ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் முறை) மாற்றுகிறவர்கள் இசியூ என்ற இன்ஜின் கம்ப்யூட்டர், வயரிங், சென்சார் என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். பெட்ரோல் பைப் மட்டும் கடைசி நாள் சாயங்காலம் ஜே.சி. ரோட்டுக்கு ஒரு பையனை அனுப்பி, 'ரெண்டு மீட்டர் ஓஸ் வாங்கிட்டு வாப்பா' என்ற அளவில் முடிந்துவிடும். என்னைக் கேட்டால் மொத்த வேலையில் உயிருக்கு ஆபத்தான பகுதி அதுதான்.

கார்புரேட்டருக்குப் பெட்ரோல் தள்ளும் மெக்கானிக்கல் பம்பு கொடுக்கும் அழுத்தம் 3 முதல் 6 பிஎஸ்ஐ வரைதான். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக்கொடுக்கும் எம்பிஎஃப்ஐ ரெயிலுக்குச் சுமார் 3 பார், அதாவது 43 பிஎஸ்ஐ வேண்டும். பழைய லைனில் ஒழுகல் வந்தால் சொட்டும், வாசனை வரும், ஓரங்கட்டிப் பார்ப்பீர்கள். புதிய அழுத்தத்தில் அதே ஓட்டை பனிபோலப் பீய்ச்சும், பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கொதித்துக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு, மெக்கானிக்கல் பம்பு இன்ஜின் நின்றால் தானும் நின்றுவிடும். எலெக்ட்ரிக் பம்பை ரிலே வெட்டாவிட்டால் அது பாட்டுக்கு இறைத்துக்கொண்டே இருக்கும்.

ஜிப்சியை உதாரணமாக எடுத்தால் பேச எளிது. 1996-இல் வந்த 1.3 லிட்டர் ஜிப்சி கிங் கார்புரேட்டர் வண்டி. 2000-இல் மாருதியே அதை எம்பிஎஃப்ஐ ஆக்கி 80 குதிரைத்திறனுக்குக் கொண்டுபோனது. அதனால் சிவாஜிநகர் குஜ்ரியில், அதாவது பழைய உதிரிபாகச் சந்தையில், இன்ஜினும் ரெயிலும் தேடிப்பிடித்து மாற்றுகிறவர்கள் உண்டு. (இன்ஜின் எண் மாறினால் ஆர்டிஓவில் அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும். அது தனிக் கதை.) ஷாசிக்கு அடியில் ஓடும் பழைய இரும்பு பைப்பை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்பதுதான் முதல் கேள்வி.

உள்ளே துரு இல்லையென்றால் வைத்துக்கொள்ளலாம். 8 மி.மீ. இரும்பு பைப் 3 பாருக்கு அசையாது. இந்தக் குதிரைத்திறனுக்கு அந்த அளவும் போதும். பெங்களூரிலேயே ஓடிய வண்டியில் பல சமயம் பைப் நன்றாகவே இருக்கும். சென்னை, மங்களூர் பக்கம் கடற்காற்றில் கிடந்த வண்டியென்றால் நான் நம்ப மாட்டேன். ஷாசியோடு கிளிப் பிடிக்கும் இடத்தில்தான் ஈரம் தங்கி அரித்திருக்கும். எல்லா கிளிப்பையும் கழற்றிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். உள்ளே துரு உதிர்ந்தால் அது நேரே ஃபில்டருக்கும், பிறகு இன்ஜெக்டர் வாய்க்கும் போய்ச் சேரும்.

அடுத்தது ரப்பர் ஓஸ். கடைக்காரர் எடுத்துப்போடும் சாதா பெட்ரோல் ஓஸின் மேல் வெள்ளை எழுத்தைத் தேடுங்கள். எஸ்ஏஇ (ஓஸின் தரக் குறியீடு) 30ஆர்7 என்று இருந்தால் அது கார்புரேட்டர் ஓஸ், 50 பிஎஸ்ஐ வரை. 30ஆர்9 என்று இருந்தால் இன்ஜெக்ஷன் ஓஸ், 100 பிஎஸ்ஐ. எழுத்தே இல்லையென்றால் விலை கேட்காமல் திரும்பிவிடலாம். அல்சூரில் ஒரு மெக்கானிக் அண்ணன் என்னிடம் விடாமல் வாதாடினார்: "அம்பது தாங்கும்னு அவனே போட்டிருக்கான். நம்ம பிரஷர் நாப்பத்தி மூணுதானே சார், அப்புறம் என்ன?" கணக்கு சரிதான். ஆனால் மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் எங்காவது மடங்கினாலோ, அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் சிக்கிக்கொண்டாலோ பம்பு 43-இல் நிற்காது, எழுபதைத் தாண்டி ஏறும். பானெட்டுக்குள் சூடு வேறு. சில்க் போர்டு சிக்னலில் அரைமணி நேரம் நின்ற வண்டியின் பானெட்டைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு காரணம் எத்தனால். 2023 பிப்ரவரியில் இதே பெங்களூரில்தான் இ20 பெட்ரோலைத் தொடங்கிவைத்தார்கள். இப்போது பங்கில் ஊற்றுவது பெரும்பாலும் அதுதான். பழைய காலத்து நைட்ரைல் ரப்பர் அதில் ஊறி, மெத்தென்று ஆகி, பிறகு வெடிக்கும். ஆர்9 ஓஸின் உள்சுவர் ஃப்ளோரோ ரப்பர், தாக்குப்பிடிக்கும். விலை கூடத்தான். அதனாலேயே டேங்கிலிருந்து இன்ஜின் வரை முழு நீளத்துக்கும் ரப்பரை ஓட்டுவது காசுக்கும் கேடு, பாதுகாப்புக்கும் கேடு. ஓஸ் இரண்டு முனைகளிலும் சாண் நீளத்துக்குப் போதும்.

நைலானுக்கு வருவோம். இன்றைய கார்களில் கம்பெனியே போடுவது பெரும்பாலும் இதைத்தான். பிஏ12 வகை, எடை குறைவு, துரு கிடையாது. சிக்கல் முனையில். நைலானைச் சூடுகாட்டி, அதற்கென்று உள்ள பல்போட்ட நிப்பிளில் நேராக அழுத்தி ஏற்ற வேண்டும். மேலே கிளிப் போட்டு இறுக்கினால் பிடிக்காது, நசுங்கும். இல்லையென்றால் குவிக் கனெக்டர் வேண்டும். குஜ்ரியில் கிடைக்கும் பழைய கனெக்டரில் ஓ-ரிங் எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. எஸ்ஜேபி ரோடு ஹார்டுவேர் கடைகளில் தொங்கும் நீல நிற டியூபைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது கம்ப்ரஸர் காற்றுக்கான பாலியூரித்தேன். அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு எலி என்று ஒரு எதிரியும் உண்டு. அதற்கு ரப்பரும் ஒன்றுதான், நைலானும் ஒன்றுதான்.

புது உலோக பைப் என்றால் செம்பைத்தான் முதலில் காட்டுவார்கள். ஏசி மெக்கானிக்கிடம் சுருள் சுருளாகக் கிடைக்கும், கையாலேயே வளையும். வேண்டாம். அதிர்வில் செம்பு இறுகி விரிசல் விடும். பெட்ரோல் பிசினாவதையும் அது வேகப்படுத்தும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆயுசுக்கும் வரும், ஆனால் சாதாரணக் கருவியில் ஃப்ளேர் போட்டால், அதாவது பைப்பின் வாயை விரித்தால், வாய் கிழியும், வளைக்கவும் கை வலிக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது குப்ரோநிக்கல், 90 பங்கு செம்பு, 10 பங்கு நிக்கல். பிரேக் பைப்புக்கே போடுகிறார்கள், துருப்பிடிக்காது, வீட்டிலேயே வளைக்கலாம். எல்லாக் கடையிலும் இருக்காது, அலைய வேண்டும். கிடைக்கவில்லையென்றால் பூச்சுள்ள இரும்பு பிரேக் டியூபே போதும்.

பின்னல் போட்ட பளபள ஓஸ்தான் எல்லாருக்கும் ஆசை. பானெட்டைத் திறந்தால் ரேஸ் வண்டி மாதிரி இருக்கும். வெளியே ஸ்டீல் பின்னல் என்பது மட்டும் தரத்துக்குச் சாட்சி இல்லை, உள்ளே என்ன என்று கேளுங்கள். உள்ளே மலிவு ரப்பர் என்றால் சில மாதத்தில் காருக்குள் பெட்ரோல் வாசனை அடிக்கும். பின்னல் மூடியிருப்பதால் உள்ளே வெடித்திருப்பதும் கண்ணுக்குத் தெரியாது. டெஃப்ளான் உள்சுவர் என்றால் எத்தனாலும் ஒன்றும் செய்யாது, சூடும் ஒன்றும் செய்யாது. கார்பன் கலந்த கறுப்பு டெஃப்ளானாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் வெள்ளையில் ஓடும் பெட்ரோல் நிலைமின்னூட்டம் சேர்த்து ஊசித்துளை போட்டுவிடும். ரப்பர் ஓஸுக்கான ஃபிட்டிங் டெஃப்ளானுக்குப் பொருந்தாது. பீன்யாவில் ஹைட்ராலிக் ஓஸ் போடும் கடைகளில் அளவு கொடுத்தால் ஃபிட்டிங்கை ஓஸோடு அழுத்திப் பிடிக்கவைத்து (கிரிம்ப்) தருவார்கள். அவர்களுடைய ஜேஐசி வகை ஃபிட்டிங்கின் வாய்க்கோணமும் 37 டிகிரிதான், ரேஸ் வண்டிகளில் போடும் ஏஎன் ஃபிட்டிங்கின் கோணமும் அதுவே. பின்னல் எதன்மேல் உரசினாலும் அதை அறுக்கும், வயரிங்கிலிருந்து ஒதுக்கியே கட்ட வேண்டும்.

என் வண்டியாக இருந்தால் ஷாசிக்கு அடியில் குப்ரோநிக்கல், இரண்டு முனையிலும் சின்ன ஆர்9 துண்டு. காசு இருந்தால் இன்ஜின் பக்கத் துண்டை மட்டும் டெஃப்ளானில் போடுவேன், இன்ஜின் குலுங்குவதும் சூடும் அங்கேதான். நைலானுக்கு இரண்டாம் இடம், அதுவும் சரியான நிப்பிளும் கருவியும் கையில் இருந்தால் மட்டும். பழைய பைப் நன்றாக இருந்தால் அதை மாற்றச் சொல்லி யாரையும் செலவு செய்யவைக்க மாட்டேன்.

எதைப் போட்டாலும் பைப்பின் நடுப்பகுதி ஏமாற்றுவது அபூர்வம். முனைதான் ஏமாற்றும். வெட்டிய பைப்பில் ஓஸை வெறுமனே செருகினால் 3 பாரில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். டபுள் ஃப்ளேர் கருவியில் முதல் கட்டத்தோடு நிறுத்தினால் வாயில் ஒரு சின்ன வளையம் புடைக்கும், அது போதும். கிளிப்பும் அப்படித்தான். பட்டையில் கீறல் கீறலாக வெட்டு உள்ள சாதா கிளிப்பை இறுக்கினால், அந்த வெட்டுக்குள் ரப்பர் பிதுங்கி மெல்ல மெல்ல அறுபடும். ஓரம் மடித்த, உள்பக்கம் வழவழப்பான இன்ஜெக்ஷன் கிளிப் தனியாகக் கிடைக்கிறது. டேங்குக்குள் பம்பு வைத்தால் அங்கே ஆர்9 கூடாது, அதன் வெளிச்சுவர் பெட்ரோலில் ஊறுவதற்குச் செய்ததல்ல. உள்ளே மூழ்கும் துண்டுக்கு ஆர்10 மட்டும்.

முடித்ததும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து பம்பை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பாருங்கள். பிறகு இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஒரு தடவை, அணைத்துப் பத்து நிமிஷம் கழித்து இன்னொரு தடவை. அணைத்த பிறகுதான் பானெட்டுக்குள் சூடு உச்சத்துக்கு ஏறும், லைனில் அழுத்தமும் அப்படியே நிற்கும். மூன்று தடவையும் பேப்பர் காய்ந்தே இருந்தால் ரோட்டுக்கு எடுக்கலாம்.