யூட்டாவின் மூன்று பூங்காக்களில் ட்ரெயிலர் முகாம்: வசந்தத்தில் எங்கே முதலில்?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் சயான், கேப்பிடல் ரீஃப், பிரைஸ் கேன்யன் ஆகிய தேசியப் பூங்காக்கள் ஒரே பயணத்தில் எளிதாகச் சேர்ந்துவிடுவதால், அவற்றின் முகாம்தளங்களையும் ஒரே கண்ணோடு பார்க்கும் வழக்கம் இருக்கிறது. ட்ரெயிலரை, அதாவது வண்டியின் பின்னே இழுத்துச் செல்லும் நடமாடும் வீட்டை, இழுத்துக்கொண்டு வசந்த காலத்தில் செல்பவர்களுக்கு அந்தப் பார்வை உதவாது. சயான் பள்ளத்தாக்கின் தரை ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலும், கேப்பிடல் ரீஃபின் ஃபுரூட்டா முகாம் 5,500 அடியிலும், பிரைஸின் பள்ளத்தாக்கு விளிம்பு 8,000 அடியிலும் அதற்கு மேலும் இருக்கின்றன. ஆயிரம் அடி ஏறினால் வெப்பநிலை சராசரியாக 2 டிகிரி செல்சியஸ் குறையும் என்பதால், ஏப்ரலின் ஒரே வாரத்தில் கீழே மரங்கள் தளிர்த்து நிற்கும்போது மேலே பனி கிடக்கும். ஒரு முகாமின் வசதிகள் எந்த வாரத்தில் போதும், எந்த வாரத்தில் போதாது என்பதைச் சொல்லாத மதிப்புரை அரைகுறையானது என்றே நான் கருதுகிறேன்.

மூன்றில் ட்ரெயிலருக்கு மிகவும் இணக்கமானது சயானின் வாட்ச்மேன் முகாம்தளம். பல இடங்களில் மின் இணைப்பு உண்டு. ஜெனரேட்டருக்கு அனுமதி இல்லாததால் இரைச்சலும் இல்லை. வசந்த காலத்தில் ஷட்டில் பேருந்துகள் ஓடத் தொடங்கியதும் பள்ளத்தாக்குச் சாலையில் சொந்த வண்டிகளை விடுவதில்லை. அந்த இலவசப் பேருந்து புறப்படும் பார்வையாளர் மையம் முகாமிலிருந்து நடந்தே போகும் தொலைவில் இருப்பதால், ட்ரெயிலரை ஒருமுறை சமன்செய்து நிறுத்திவிட்டால் கிளம்பும் நாள்வரை இழுவை வண்டிக்கு வேலையே இல்லை. ஏப்ரல் பிற்பாதியில் பகல் இதமாக இருக்கும். ஜூனில் அதே இடம் 35 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். ஆனால் வசந்தத்தில் மலைப்பனி உருகி வர்ஜின் ஆறு பெருகுவதால், நீரோட்டம் விநாடிக்கு 150 கன அடியைத் தாண்டும்போது ஆற்றுக்குள் நடக்கும் நேரோஸ் பாதையை மூடிவிடுகிறார்கள். அந்த நடைக்காகவே வருபவர்களுக்கு ஏப்ரல் ஏற்ற மாதம் அல்ல. இடங்களுக்கான முன்பதிவு 6 மாதங்களுக்கு முன்பே தொடங்குகிறது: ஏப்ரல் 20 அன்று போய்ச் சேர விரும்பினால், அக்டோபர் 20 காலையிலேயே பதிவுத் தளத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

ஃபுரூட்டா முகாமில் 71 இடங்கள் இருக்கின்றன. ஒன்றிலும் மின் இணைப்போ குடிநீர்க் குழாய் இணைப்போ கிடையாது. கழிவுநீரை இறக்கவும் தண்ணீர்த் தொட்டியை நிரப்பவும் முகாமை ஒட்டியே வசதி இருப்பதால், நல்ல பேட்டரி உள்ள ட்ரெயிலருக்கு இது குறையாகத் தோன்றாது. மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் வைத்த பழத்தோட்டங்களுக்கு நடுவே முகாம் அமைந்திருப்பதுதான் இதன் தனிச்சிறப்பு. ஏப்ரிகாட் மார்ச்சிலும், செர்ரி ஏப்ரல் முற்பாதியிலும், ஆப்பிள் ஏப்ரல் நடுவிலிருந்து மே தொடக்கம் வரையிலும் பூக்கின்றன. செம்பாறைச் சுவரின் அடியில் வெண்பூக்கள் நிறைந்த அந்தத் தோட்டத்தை ஒருமுறை பார்த்தவர்கள் பயண நாட்களைப் பூக்களை வைத்தே முடிவு செய்வார்கள் என்று நம்புகிறேன்.

பிரைஸின் நார்த் முகாம்தளத்தைப் பற்றி எழுதும்போது சற்றுக் கண்டிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது. இடம் அருமையானது, பைன் மரங்களுக்கு இடையிலிருந்து சில நிமிடங்கள் நடந்தால் விளிம்பு வந்துவிடும். எனினும் இங்கும் மின் இணைப்பு இல்லை, ஏப்ரல் இரவுகளோ உறைநிலைக்குக் கீழே போகின்றன. ட்ரெயிலரின் ஹீட்டர் புரொப்பேன் எரிவாயுவில் எரிந்தாலும், சூட்டைத் தள்ளும் விசிறி 12 வோல்ட் பேட்டரியில்தான் ஓடுகிறது. இரவில் ஜெனரேட்டரை இயக்கவும் முடியாது. பழைய பேட்டரி விடிவதற்குள் இறங்கிவிட்டால் விசிறி நிற்கும், அதன்பின் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும் அபாயம் உண்டு. ஆகவே ஏப்ரலில் இம்முகாமை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மே நடுவுக்குப் பிறகு, அதுவும் வானிலை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு, தாராளமாகச் செல்லலாம். அதற்குமுன் பிரைஸைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் 5,800 அடியில் இருக்கும் கோடாக்ரோம் பேசின் மாநிலப் பூங்காவில் தங்கி, பகலில் இழுவை வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு பிரைஸுக்குப் போய் வரலாம். இரவுக் குளிர் அங்கே கணிசமாகக் குறைவு.

இதனால் எனக்குச் சரியாகப்படும் வரிசை ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சயான், அடுத்து ஃபுரூட்டா, கடைசியாகப் பிரைஸ் (மே நடுவுக்கு முன்னென்றால் கோடாக்ரோமில் தங்கி) என்பதே. வரைபடத்தில் சயானுக்குப் பக்கத்தில் பிரைஸ் இருப்பதைப் பார்த்து நேராகப் போக நினைப்பவர்கள், 1930இல் திறக்கப்பட்ட சயான்-மவுண்ட் கார்மல் சுரங்கப்பாதையை முதலில் கணக்கில் கொள்ள வேண்டும். 11 அடி 4 அங்குல உயரத்தையோ 7 அடி 10 அங்குல அகலத்தையோ மீறும் வண்டிகளுக்கு 2026 நடுப்பகுதியிலிருந்து அவ்வழியில் அனுமதி இல்லை என்று பூங்கா நிர்வாகம் அறிவித்திருக்கிறது. நடுத்தர அளவு ட்ரெயிலர்கள் பலவும் 8 அடி அகலம் கொண்டவை. நெடுஞ்சாலை 15, 70 வழியாகப் போய் 24ஆம் எண் சாலையில் கேப்பிடல் ரீஃபை அடைவது சுற்று என்றாலும் ட்ரெயிலருக்கு ஏற்றது. காற்று பலமாக அடிக்கும் நாட்களில் காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது, ஏனெனில் வசந்தத்தில் பக்கவாட்டுக் காற்று பிற்பகலில்தான் உச்சமடைகிறது. அங்கிருந்து பிரைஸுக்கு 12ஆம் எண் சாலை 9,600 அடி வரை ஏறும். அதில் பனி இருந்தால் 24, 62, 22 எண் சாலைகளின் வழியே இறங்கிப் போகலாம்.