‘ஆக்சஸ் டினைடு’ என்றதும் ஃபார்மட் அடிக்காத கடை: குன்னூரில் ஒரு சர்வீஸ்

குன்னூர் மார்க்கெட்டை ஒட்டி, படிக்கட்டு ஏறிப் போக வேண்டிய மாடிக் கடை. லேப்டாப், பிரிண்டர் எல்லாம் பார்க்கிறார்கள். இங்கே சொல்லப்போவது ஒரே வேலையைப் பற்றி: ‘ஆக்சஸ் டினைடு’ (அனுமதி இல்லை) என்று சொல்லி, சொந்த ஃபைலையே திறக்க விடாத பர்மிஷன் கோளாறு.

மலையில் இது பெரும்பாலும் மழையோடு வரும். ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் போய்ப் போய் வந்து மதர்போர்டு செத்துவிடும், ஹார்ட் டிஸ்க் தப்பித்துவிடும். அதைக் கழற்றி யூஎஸ்பி கேஸில் போட்டுப் புது மெஷினில் சொருகினால் கல்யாண போட்டோ ஃபோல்டரும் பச்சைத்தேயிலைக் கணக்கும் பெயராகத் தெரியும், திறக்காது. விண்டோஸைப் புதிதாகப் போட்டுப் பழைய பெயரிலேயே யூசர் வைத்தாலும் இதே கதிதான். காரணம், விண்டோஸ் ஆளைப் பெயரால் அறிவதில்லை; எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண்ணால் அறிகிறது. புது விண்டோஸ், புது எண். பழைய ஃபோல்டரின் செக்யூரிட்டி டேபைப் பார்த்தால் ‘அக்கவுண்ட் அன்னோன்’ என்று பழைய எண் மட்டும் அநாதையாக நிற்கும்.

இதற்குப் பல இடங்களில் கிடைக்கும் பதில் ‘ஃபார்மட் அடிச்சிடலாம் சார்’, அதாவது டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அழித்துவிடலாம் என்று. இந்தக் கடையில் அப்படிச் சொல்வதில்லை, அதற்கே பாதி மார்க்.

முதலில் டிஸ்க்கின் ஸ்மார்ட் ரிப்போர்ட்டை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பதிவைப் பார்க்கிறார்கள். கெட்டுப்போன செக்டர் (டிஸ்க்கின் சிறு சேமிப்புப் பகுதி) எண்ணிக்கை கூடியிருந்தால், ஃபைல்களின் ஓனராகப் பழைய எண்ணுக்குப் பதில் புது யூசரை வைக்கும் ஓனர் மாற்றத்தைச் செய்யவே மாட்டார்கள். சரியான முடிவு. ஓனரை மாற்றுவது என்றால் ஒவ்வொரு ஃபைலின் பதிவிலும் எழுதுவது. ஒரு லட்சம் போட்டோ இருந்தால் ஒரு லட்சம் தடவை. சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அந்த வேலை கொடுக்கக் கூடாது. அதற்குப் பதிலாக, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் (கட்டளையை டைப் செய்யும் விண்டோ) ரோபோகாப்பி, விண்டோஸிலேயே இருக்கும் காப்பி கட்டளை. அதில் ‘/பி’ (/B) போட்டால் பேக்கப் மோடில் ஓடும். பர்மிஷன் பட்டியலைக் கேட்காமல் படித்துவிடும், பழைய டிஸ்க்கில் எதையும் மாற்றாது. கூடவே உள் ஃபோல்டர்களுக்கு ‘/இ’ (/E), வேறு ஃபோல்டருக்குத் திருப்பிவிடும் வழிகாட்டிகளான ஜங்ஷன்களைத் தவிர்க்க ‘/எக்ஸ்ஜே’ (/XJ), அப்புறம் ‘/ஆர்:1 /டபிள்யூ:1’ (/R:1 /W:1): ஒரே ஒரு தடவை மறுமுயற்சி, ஒரு விநாடி காத்திருப்பு. கடைசி இரண்டை விட்டால் போச்சு: படிக்க முடியாத ஒரு ஃபைலுக்காக 30 விநாடிக்கு ஒரு தடவை, பத்து லட்சம் தடவை முயல்வதுதான் ரோபோகாப்பியின் இயல்பு. ‘/எக்ஸ்ஜே’ இல்லாவிட்டால் பழைய யூசர் ஃபோல்டருக்குள் ‘அப்ளிகேஷன் டேட்டா’ என்ற ஜங்ஷன் தன்னையே சுற்றிக்கொண்டு போகலாம். காப்பி ஆன ஃபைல்கள் போய்ச் சேரும் ஃபோல்டரின் பர்மிஷனை எடுத்துக்கொள்வதால் கோளாறும் தீர்ந்துவிடும். 300 ஜிபிக்கு யூஎஸ்பி 3 கேஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட; பழைய யூஎஸ்பி 2 கேஸ் என்றால் மூன்று மணி நேரம். டீ குடித்துவிட்டு வர நேரம் இருக்கிறது.

டிஸ்க் நன்றாக இருந்தால் நேராக ஓனர் மாற்றம். இதை வீட்டிலேயே செய்யலாம். ஃபோல்டரில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. மேலே ஓனர் பக்கத்தில் சேஞ்ச். உங்கள் யூசர் பெயரை அடித்து செக் நேம்ஸ். ‘ரீப்ளேஸ் ஓனர் ஆன் சப்கன்டெய்னர்ஸ்’ கட்டத்தை டிக் செய்து அப்ளை. பிறகு எல்லா விண்டோவையும் மூடித் திரும்பத் திறக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் வேலை முடிந்ததென்று நினைத்துவிடுகிறார்கள். ஓனர் ஆவது உரிமை கொடுக்கும் அதிகாரம்தான். படிக்கும் உரிமை தனி. மறுபடி அட்வான்ஸ்டு போய் ஆட் கொடுத்து, அதே பெயருக்கு ஃபுல் கன்ட்ரோல் தந்து, கீழே ‘ரீப்ளேஸ் ஆல் சைல்டு ஆப்ஜெக்ட்’ டிக் செய்தால்தான் உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கும் இறங்கும். ஓடிக்கொண்டிருக்கும் சி டிரைவ் முழுவதற்கும் இதைச் செய்துவிடாதீர்கள். விண்டோஸ் ஃபோல்டரின் ஃபைல்களுக்குப் பெரும்பாலும் ஓனர் டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்ற விண்டோஸின் சொந்தக் கணக்கு. அதைக் கிளறினால் ஸ்டார்ட் மெனுவே திறக்காமல் போகலாம். கடைக்காரர்கள் அதில் கை வைப்பதில்லை.

குறை என்று பார்த்தால், அவசரத்தில் ‘எவ்ரிஒன்’ என்பதற்கே ஃபுல் கன்ட்ரோல் கொடுத்து அனுப்புகிறார்கள். திறந்துவிடும், ஆனால் யாருக்கும் திறந்துவிடும். ஹோம்ஸ்டே ரிசப்ஷனில் இருக்கும் கம்ப்யூட்டரிலோ, பிள்ளைகளுக்குத் தனி யூசர் வைத்திருக்கும் வீட்டிலோ இது ஆபத்து. எந்த யூசரில் நுழைந்த வைரஸும் அந்த ஃபோல்டரை அழித்துவிட முடியும். மெஷினைத் திரும்ப வாங்கும்போதே செக்யூரிட்டி டேபைத் திறந்து பாருங்கள். முதலில் உங்கள் பெயருக்கு ஃபுல் கன்ட்ரோல் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, பிறகு எடிட் கொடுத்து எவ்ரிஒன்னை ரிமூவ் செய்யச் சொல்லுங்கள். ரிமூவ் ஆக மறுத்தால் உரிமை மேல் ஃபோல்டரிலிருந்து வருகிறது என்று அர்த்தம். அங்கே போய் எடுக்க வேண்டும்.

இன்னொரு மனக்குறை, கோளாறே இல்லாததற்கும் முழுக் கட்டணம். டாக்குமெண்ட்ஸில் நோட்பேட் சேவ் ஆகிறது, போட்டோ எடிட்டர் மட்டும் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் தெரியாத மென்பொருள்களை முக்கிய ஃபோல்டர்களில் எழுத விடாத கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் ஆன் ஆகியிருக்கும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் புரொடெக்ஷனுக்குள் போய் அந்த மென்பொருளை மட்டும் அனுமதித்தால் போதும், இரண்டு நிமிட வேலை. அதேபோல் டாக்குமெண்ட்ஸுக்குள் மங்கலாகத் தெரியும் ‘மை மியூசிக்’ திறக்காதது பழுதே இல்லை. பழைய மென்பொருள்களுக்காக வைத்திருக்கும் வெறும் வழிகாட்டி அது. ஃபோல்டர் பிராப்பர்ட்டீஸில் ரீட்-ஒன்லி கட்டம் நிரம்பியிருப்பதும் காரணம் அல்ல. இவற்றுக்கெல்லாம் 400 ரூபாய் வாங்குவது கொஞ்சம் அதிகம். டிஸ்க் காப்பிக்கு அதே 400 நியாயம்.

பிட்லாக்கர் (டிஸ்க் முழுவதையும் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்ட டிஸ்க் என்றால் பணம் வாங்காமல் திருப்பி அனுப்புகிறார்கள். நேர்மை. 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் ஓனர் மாற்றம் எதுவும் பலிக்காது, கோயம்புத்தூருக்கு இறக்கினாலும் அதே பதில்தான். புது லேப்டாப்களில் கேட்காமலேயே டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் இதே பூட்டு ஆன் ஆகியிருக்கலாம். கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் சேமிக்கப்பட்டிருக்கும். அதனால் எந்த மெயிலில் லாகின் செய்திருந்தீர்கள் என்று வீட்டிலேயே பார்த்து எழுதிக்கொண்டு போங்கள்.

5-க்கு 3.5. போகும்போது காப்பி எடுக்க ஒரு காலி டிஸ்க்கும், மெஷினைக் கொடுத்தால் சார்ஜரும் எடுத்துப் போக வேண்டும். கடையில் இரவல் கிடைக்காது. இங்கே பிளாஸ்டிக் பை கிடையாது என்பதால் டிஸ்க்கை நியூஸ்பேப்பரில் சுற்றித்தான் தருகிறார்கள். மழை நாளில் மூடி உள்ள டப்பா ஒன்று கையோடு இருக்கட்டும்.