கடுங்காற்றில் விண்ட்சர்ஃபிங்: எந்தக் கரணம், ஃபார்வர்டு லூப்பா, பேக் லூப்பா?

கிரான் கனாரியாத் தீவின் போஸோ இஸ்கியெர்டோவில் கோடைக்காற்று 35 நாட்டைத் (மணிக்குச் சுமார் 65 கி.மீ.) தாண்டுவது சாதாரணம். அங்கே போர்டின் மேல் நிற்கும் 3.7 சதுர மீட்டர் சிறு பாய்மரத்துணியே (பாய்) கையைப் பிடுங்கும். முதலில் பழக வேண்டியது ஃபார்வர்டு லூப்தான், அதாவது காற்றில் எழும்பி முன்பக்கமாக அடிக்கும் கரணம்.

அதற்குப் பெரிய அலை வேண்டாம். முழங்கால் உயரச் சிற்றலை போதும். போர்டைக் காற்று போகும் பக்கம் சற்றுத் திருப்பி, பூமில் (பாயைப் பிடிக்கும் குறுக்குக் கம்பி) பின்கையை ஒரு சாண் பின்னே தள்ளிப் பிடியுங்கள். எழும்பியதும் மாஸ்ட்டை (பாயைத் தாங்கும் கம்பம்) முன்னே நீட்டி, பின்கையால் பாயைச் சட்டென்று இழுத்து மூடுங்கள். உடம்பைச் சுருட்டி, பின்தோளுக்கு மேலாகப் பாருங்கள். பயந்து நடுவில் பாயைத் திறந்தால் சுழற்சி அங்கேயே நின்றுவிடும். முதுகு தண்ணீரில் அறையும். பாதியில் மனம் மாற்றுவதுதான் இதில் உண்மையான ஆபத்து.

பின்பக்கமாகச் சுழலும் பேக் லூப்புக்குச் செங்குத்தான அலைமுகம் தேவை. காற்றை நோக்கி மேலேறி, உச்சியில் முன்தோளுக்கு மேலாக இறங்குமிடத்தைப் பார்க்க வேண்டும். தலை திரும்பினால் போர்டும் திரும்பும். போர்டின் முன்முனை முதலில் நீரைத் தொட்டால் இறக்கம் மென்மை. அளவுக்கு மீறிச் சுழன்று போர்டு தட்டையாக விழுந்தால் கணுக்கால் போய்விடும். 40 நாட்டில் காற்று போர்டின் அடியில் புகுந்து தூக்கும்.