17025 அங்கீகாரம்: டெல்டாவில் ஆய்வகம் வைப்பவருக்குக் கட்டுபடியாகுமா?

தொலைத்தொடர்புக் கருவிகளைச் சோதிக்கும் ஆய்வகத்துக்கு, ஆய்வகங்களின் தகுதியைப் பார்த்துச் சான்று தரும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் பிடித்தால் வாங்கும் சேவை அல்ல. 2017-இல் தந்தி விதிகளைத் திருத்திக் கருவிகளுக்குச் சோதனையைக் கட்டாயமாக்கினார்கள். அந்தச் சோதனையைச் செய்ய டெல்லியின் டிஇசி (மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் பொறியியல் மையம்) ஓர் ஆய்வகத்தை ஏற்க வேண்டுமானால் ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 (ஆய்வகத் திறனுக்கான பன்னாட்டுத் தரநிலை; என்ஏபிஎல் இதை வைத்தே அங்கீகரிக்கிறது) சான்று கையில் இருந்தாக வேண்டும். திருச்சியிலோ தஞ்சாவூரிலோ தொடங்க நினைப்பவர் பார்க்க வேண்டியது, கட்டும் பணத்தில் எது உருப்படியாகத் திரும்பி வருகிறது என்பதைத்தான்.

விண்ணப்பக் கட்டணம் போனால் போனதுதான். ஆண்டுக் கட்டணம் தனி. பலர் கணக்கில் விடுவது மதிப்பீட்டுச் செலவை: நேரில் வந்து பார்க்கும் மதிப்பீட்டாளர்களின் படிப்பணம், பயணம், தங்குமிடம் எல்லாம் ஆய்வகத்தின் தலையில். சோதனை வகைகளைக் கூட்டினால் ஆட்களும் கூடுவார்கள். அதனால் முதல் முறையிலேயே எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்க வேண்டாம். இஎஸ்டி (நிலைமின் தாக்கு), பர்ஸ்ட் (அடுத்தடுத்து வரும் வேக மின்துடிப்புகள்), சர்ஜ் (மின்னல் போன்றவற்றால் வரும் மின் எழுச்சி) மூன்றோடு நிறுத்துங்கள். கருவி வெளிவிடும் ரேடியோ அலைகளை அளக்கும் சேம்பர் (தடுப்பறை) பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் கையைக் கடிப்பது கட்டணத்தை விடக் காலிபரேஷன்தான், அதாவது சோதனைக் கருவிகளின் அளவைச் சரிபார்த்துச் சான்று வாங்குவது. நிலைமின்னைப் பாய்ச்சும் இஎஸ்டி கன்னைச் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்பி, மின்னழுத்தம் மட்டும் பார்த்த சான்றோடு திரும்ப வாங்குவார்கள். அது போதாது. இஎஸ்டி சோதனைக்கான தரநிலையான ஐஇசி 61000-4-2 மின்னோட்ட அலைவடிவத்தையும் கேட்கிறது: 8 கிலோவோல்ட் தொடு டிஸ்சார்ஜில் (கன்னின் முனையைத் தொட்டு மின்னிறக்குவது) முதல் உச்சம் 30 ஆம்பியர், எழும் நேரம் 0.8 நானோவினாடி. கன்னை அனுப்பும் முன்பே, காலிபரேஷன் ஆய்வகத்தின் அங்கீகார எல்லையில் இந்த அளவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கொடுத்த பணம் ஆற்றில் போட்டதுதான்.

அடுத்தது நம்ம ஊருக்கே உரிய தொல்லை. காற்று வழி டிஸ்சார்ஜ் (தொடாமல் நெருக்கிப் பொறி பாயவிடுவது) சோதனைக்கு அறையின் ஈரப்பதம் 30 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாகப்பட்டினம் பக்கம் அது நடக்கிற காரியமா? ஈரக்காற்றில் பொறி மெதுவாக எழும், உச்சமும் குறையும். தோற்க வேண்டிய கருவி தேறிவிடும். ஏசி மட்டும் போட்டால் வெப்பம் இறங்கும், ஈரப்பதம் 60-க்கு மேலேயே நிற்கும். டீஹியூமிடிஃபையர் தனியாக வேண்டும், கதவிடுக்கை அடைக்க வேண்டும். ஈரப்பதமானியின் சான்றில் 60 சதவீதப் புள்ளி இருக்க வேண்டும். 40, 50 மட்டும் பார்த்த சான்றை வைத்துக்கொண்டு 58 என்று எழுதினால் மதிப்பீட்டாளர் விடமாட்டார்.

இஎஸ்டி சோதனை மேசையையும் ஒரு முறை பாருங்கள். 0.8 மீட்டர் உயர மேசை, அதன் மேல் 1.6 × 0.8 மீட்டர் உலோகத் தகடு, தகட்டிலிருந்து தரைத் தகட்டுக்கு இரண்டு 470 கிலோஓம் ரெசிஸ்டர்கள். இவற்றில் ஒன்று அறுந்தாலும் தகட்டில் மின்னேற்றம் தேங்கிவிடும். நல்ல கருவியும் தோற்றதாகக் காட்டும். மல்டிமீட்டரை வைத்தால் 940 கிலோஓம் அளவில் காட்ட வேண்டும். வாரம் ஒரு முறை பார்த்து எழுதிவைத்தால் இரண்டு காலிபரேஷனுக்கு நடுவே செய்யும் இடைக்காலச் சரிபார்ப்புக்கும் ஆகும்.

ஆவண வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கன்சல்டன்ட் கொடுக்கும் தரக் கையேட்டில் இன்னொரு ஆய்வகத்தின் பெயர் எங்காவது ஒளிந்திருக்கும்; தேடிப் பிடித்து நீக்குங்கள். சிக்குவது பெரும்பாலும் 17025-இன் 7.8.6 பிரிவில். தேறியது, தேறவில்லை என்று எழுதும்போது அளவீட்டு நிச்சயமின்மையை எப்படிக் கணக்கில் கொண்டீர்கள் என்ற முடிவு விதியை வாடிக்கையாளரோடு முன்கூட்டியே பேசி எழுதியிருக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு சேர்த்தால் குறைபாடு விழும்.

எங்கள் மதிப்பீடு: கட்டணம் சிறு ஆய்வகத்துக்குக் கனம்தான். ஆனாலும் மதிப்பீட்டாளர் பக்கத்தில் நின்று சோதனையைச் செய்யச் சொல்லிப் பார்க்கும் அந்த ஒரு நாள் காசுக்குப் பெறும். கை எங்கே தவறுகிறது என்பது அங்கேதான் தெரியும். வருகையை மாசி, பங்குனிக்குக் கேட்டு வாங்கித் தப்பிக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். வந்தவர் முதலில் புரட்டுவது கார்த்திகை மாத ஈரப்பதப் பதிவேடாக இருக்கலாம்.