பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு யுஎஸ்பி அடாப்டர்: டிடிபி கடையில் இரண்டு வாரப் பயன்பாட்டுக்குப் பிறகு

சென்னை ரிச்சி தெருவில், ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்து நான் வாங்கிய ஐடிஇ–சாட்டா–யுஎஸ்பி அடாப்டரைப் பற்றிய மதிப்புரை இது. ஐடிஇ என்பது பழைய டிஸ்க்குகளின் அகன்ற இணைப்பு, சாட்டா அதற்குப் பின் வந்தது; கணினியிலிருந்து கழற்றிய டிஸ்க்கை யுஎஸ்பி வழியாக வேறொரு கணினியில் படிக்க உதவுவது இந்த அடாப்டர். பெட்டியின் மீது பெயர் சொல்லும்படியான நிறுவனம் எதுவும் இல்லை; இதே வடிவத்தில், இதே கறுப்பு நிறத்தில், நான்கைந்து பெயர்களில் இது விற்கப்படுகிறது. ஆகவே ஒரு பெயரை நம்பி வாங்குவதைவிட, கையில் எடுத்து எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு வாங்குவதே பயன் தரும்.

எங்கள் டிடிபி கடையில் மூன்று கணினிகள் இருந்தன. முதலாவது விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் ஓடியது. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், பள்ளி ஆண்டு மலர் எல்லாம் அதில்தான் இருந்தன. இரண்டாவது விண்டோஸ் எக்ஸ்பி. மூன்றாவது, என் மகளின் உபுண்டு (லினக்ஸ் வகை) லேப்டாப். இவற்றுக்கிடையே ஒரு கோப்பை நகர்த்துவது என்பது மூன்று மொழிக்காரர்களை ஒரே திண்ணையில் உட்கார வைத்துப் பஞ்சாயத்துப் பேசுவதைப் போன்றது. விண்டோஸ் 98-க்குப் பென் டிரைவ் என்றால் என்னவென்றே தெரியாது. தனியாக டிரைவர் நிறுவினால்தான் தெரியும். எக்ஸ்பியின் டிஸ்க், கோப்புகளை அடுக்கிவைக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் இருந்ததால், அதைக் கழற்றி 98 கணினியில் மாட்டினாலும் அது படிக்காது. நெட்வொர்க்கில் பகிரலாம் என்றால், எக்ஸ்பிக்குத் தெரிந்தது, விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி முறையின் முதல் பதிப்பு மட்டுமே. பாதுகாப்புக் காரணங்களுக்காக 2017-இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து அந்தப் பதிப்பு இயல்பாக நிறுவப்படுவதே இல்லை. வாடிக்கையாளர் கொண்டுவரும் புதிய லேப்டாப்பும் எங்கள் எக்ஸ்பியும் ஒரே ஸ்விட்சில் இருந்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் இருந்ததற்கு அதுவே காரணம்.

பழைய வழிகளும் உண்டு. விண்டோஸ் 98-இல் சீரியல் கேபிள் வழியாக இரண்டு கணினிகளை நேரடியாக இணைக்கும் வசதி இருக்கிறது. விநாடிக்கு 1,15,200 பிட் என்ற அதன் உச்ச வேகத்தில் ஒரு ஜிபி நகர முழுதாக ஒரு நாள் ஆகும். எங்களிடம் இருந்ததோ ஆறு ஜிபி. அதையே ஃபிளாப்பியில் எடுத்திருந்தால் 4,000-க்கும் மேற்பட்ட ஃபிளாப்பிகள் தேவைப்பட்டிருக்கும். நெட்வொர்க்கில் கோப்புகளை அனுப்பும் பழைய முறையான எஃப்டிபி வழியாகச் சிலவற்றை அனுப்பிப் பார்த்தேன். அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதற்கு 98 கணினி உயிரோடு இருக்க வேண்டும். எங்கள் மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் தலை வீங்கி, காலையில் மூன்று முறை அமுக்கினால் ஒரு முறை எழுந்துகொள்ளும் நிலைக்கு வந்திருந்தது. டிஸ்க்கை மட்டும் கழற்றி எடுத்துவிடுவதே மீதமிருந்த வழி. அதற்குத்தான் இந்த அடாப்டர்.

உள்ளங்கைக்குள் அடங்கும் அதன் தலையில் மூன்று முகங்கள் உள்ளன: பெரிய ஐடிஇ டிஸ்க்குக்கான 40 முனைத் துளைகள், பழைய லேப்டாப் டிஸ்க்குக்கான 44 முனைத் துளைகள், சாட்டா வாய். உடன் ஒரு மின்செருகி வருகிறது. பெரிய டிஸ்க்குக்கு 12 வோல்ட், 5 வோல்ட் இரண்டும் வேண்டும் என்பதால் யுஎஸ்பி தரும் மின்சாரம் போதாது. லேப்டாப் டிஸ்க்குக்கு 5 வோல்ட் மட்டும் போதும்; என்னிடமிருந்த ஒன்று தனி மின்சாரம் இல்லாமலேயே சுழன்றது.

முதல் குறை கண்ணுக்குத் தெரியாத ஒன்று. ஐடிஇ கேபிளில் நடுவில் ஒரு சிறு மேடு இருக்கும். டிஸ்க்கின் பள்ளத்தில் அது பொருந்தினால்தான் உள்ளே போகும். தவிர, டிஸ்க்கில் 20-ஆவது முனை இருக்காது, கேபிளில் அந்தத் துளை அடைக்கப்பட்டிருக்கும். தலைகீழாகச் செருகுவதைத் தடுக்க இப்படி இரண்டு ஏற்பாடுகள். நான் வாங்கிய அடாப்டரில் மேடும் இல்லை, அடைப்பும் இல்லை. தலைகீழாகவும் சுகமாக உள்ளே போகிறது. முதல் நாள் நான் அப்படித்தான் செருகினேன். டிஸ்க் சுழன்றது, கணினியில் ஒன்றும் தெரியவில்லை, அதிர்ஷ்டவசமாக எதுவும் எரியவில்லை. டிஸ்க்கின் முதல் முனை பெரும்பாலும் அதன் மின்சார வாயின் பக்கம் இருக்கும் என்பதை நினைவில் வைத்து, அடாப்டரின் மீது பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டுக்கொண்டேன். கடையில் வாங்கும்போதே அந்த மேடு இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது ஜம்பர். டிஸ்க்கின் பின்புறத்தில், மின்சார வாய்க்கும் தரவு முனைகளுக்கும் இடையில், அரிசி அளவு பிளாஸ்டிக் மூடி ஒன்று இரண்டு முனைகளை இணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க்குகள் இருந்த காலத்தில் எது மாஸ்டர் (முதல் டிஸ்க்), எது ஸ்லேவ் (இரண்டாம் டிஸ்க்) என்று அது தீர்மானித்தது. அடாப்டருக்கு மாஸ்டர் மட்டுமே தெரியும். எங்கள் 98 கணினியில் இருந்த இரண்டாவது டிஸ்க் ஸ்லேவாக இருந்ததால், அந்த மூடியைப் புருவம் திருத்தும் இடுக்கியால் பிடுங்கி இடம் மாற்றும் வரை அது தெரியவே இல்லை. வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க்குகளில் துணையில்லாத மாஸ்டருக்கென்று தனி அமைப்பு உண்டு. ஜம்பரை முழுதாக எடுத்துவிட்டால் போதும். இந்தச் செய்தி எதுவும் அடாப்டருடன் வந்த ஒற்றைத் தாளில் இல்லை. அந்தத் தாளில் பெரிய எழுத்தில் இருந்தது, டிரைவர் சிடியை முதலில் போடுங்கள் என்பது மட்டுமே. அந்தச் சிடி தேவையே இல்லை.

உண்மையான குறை மின்செருகிதான். இருபது நிமிடம் ஓடியதும் அது தொட முடியாத அளவுக்குச் சூடாகி, டிஸ்க் நின்று நின்று சுழலத் தொடங்கியது. பழைய டிஸ்க்குக்கு இதைவிடக் கெட்டது வேறில்லை. திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் முகம் சுளிக்காமல் வேறொன்றை மாற்றித் தந்தார், அது தாக்குப்பிடித்தது. அடாப்டர் நன்றாக இருந்து மின்செருகி சரியில்லாமல் போவது இந்த வகைப் பொருளில் வாடிக்கை என்று அவரே சொன்னார். ஆகவே ஓர் உதவாக்கரை டிஸ்க்கை மாட்டி ஒரு மணி நேரம் ஓடவிட்டுச் சோதித்த பிறகே அருமையான டிஸ்க்கை மாட்டுங்கள்.

இவற்றைத் தாண்டிவிட்டால், வேலை என்று பார்க்கும்போது இந்த அடாப்டர் அபாரம். உபுண்டு லேப்டாப்பில் செருகியதும் 98-இன் பழைய எஃப்ஏடி32 முறையிலான பார்ட்டிஷன்களும் (டிஸ்க்கின் பிரிவுகள்) எக்ஸ்பியின் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனும் எந்த டிரைவரும் கேட்காமல் திறந்தன. விண்டோஸ் 10-இல் இதே எக்ஸ்பி டிஸ்க், பயனர் கோப்புறைக்குள் போக உங்களுக்கு அனுமதி இல்லை என்று வழி மறித்தது. லினக்ஸ் அந்த அனுமதிகளைப் பொருட்படுத்தாமல் நேராக உள்ளே போய்விட்டது. அதோடு, விண்டோஸ் எந்த டிஸ்க்கைச் செருகினாலும் தன் பங்குக்கு ஒரு மறைவான கோப்புறையை அதில் எழுதிவிடும். தனக்குப் புரியாத டிஸ்க் என்றால் ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் ஆம் என்று அழுத்திவிட்டால் அவ்வளவுதான். எழுதுவதைத் தடுக்கும் ஸ்விட்ச் அடாப்டரில் இல்லை என்பதால், லினக்ஸில் படிக்க மட்டும் என்ற முறையில் டிஸ்க்கை மவுன்ட் செய்து (திறந்து) வேலை பார்த்தேன்.

கோப்புகளைத் தனித்தனியாக நகலெடுக்கும் முன், ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளைக் கொண்டு முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாகப் படியெடுத்தேன். படிக்க முடியாத இடம் வந்தால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்காமல் அதைக் குறித்துவைத்துவிட்டு நகர்ந்து, நல்ல பகுதிகளை எல்லாம் எடுத்த பிறகே மோசமான இடத்துக்குத் திரும்புவது அதன் சிறப்பு. 20 ஜிபி டிஸ்க்குக்கு அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆனது. யுஎஸ்பி 3 அடாப்டர் வாங்கியிருந்தாலும் இந்த நேரம் குறைந்திருக்காது. அந்தக் கால டிஸ்க் சுழலும் வேகம்தான் எல்லை. ஐடிஇக்காக மட்டும் வாங்குகிறவர்கள் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் கோப்பு வந்து சேர்ந்தது வேறு, அது திறப்பது வேறு. ஆறு ஜிபியும் லேப்டாப்புக்கு வந்த மாலையில், 2003-இல் செய்த ஒரு கும்பாபிஷேக அழைப்பிதழைத் திறந்து பார்த்தேன். அது பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் செய்தது; பேஜ்மேக்கர் கோப்புகளை லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் 4.4 பதிப்பிலிருந்து ஓரளவு படிக்கிறது. கோபுரப் படத்தின் சட்டமும் பத்திகளும் இடத்தில் இருந்தன; எழுத்துகள் மட்டும் ஆங்கிலக் குப்பையாக இருந்தன. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. பாமினி என்ற எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தது, பாமினி இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு டாம், டாப் என்ற இரு குறியீட்டு முறைகளை ஏற்றது. 2010-இல் யூனிகோடுக்கு மாறியது. இடைப்பட்ட காலத்தில் செய்த ஒவ்வொரு கோப்பும் தன் எழுத்துருவைத் தேடிக்கொண்டு நிற்கிறது. எனவே விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையை முதல் வேலையாக நகலெடுங்கள். டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்கள் வேறு கோப்புறையிலும் இருக்கலாம். முழு டிஸ்க் படி கையில் இருந்தால் பின்னால் தேடி எடுத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் நான்கு எழுத்துருக்களை மீட்டேன்.

மென்பொருளை நகலெடுத்துக் கொண்டுவரலாம் என்ற ஆசை எனக்கும் இருந்தது. பேஜ்மேக்கர் கோப்புறையை அப்படியே வைத்து ஓட்டிப் பார்த்தால், ரிஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் பதிவேட்டில்) பதிவு இல்லை, விண்டோஸ் கோப்புறைக்குள் அது போட்டுவைத்த துணைக்கோப்புகள் இல்லை என்று கைவிரித்துவிட்டது. ஒரு தமிழ்த் தட்டச்சு மென்பொருளோ பிரின்டர் போர்ட்டில் செருகும் பூட்டைக் கேட்டது. அந்த போர்ட் இன்றைய லேப்டாப்பில் எங்கே இருக்கிறது? கடைசியில், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸில் எக்ஸ்பியை நிறுவி, எங்களிடம் இருந்த அசல் சிடியிலிருந்து பேஜ்மேக்கர் 7-ஐப் போட்டு, மீட்ட எழுத்துருக்களையும் சேர்த்தேன். அழைப்பிதழ் அன்று அடித்தபடியே திறந்தது. அதைப் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சுக்கோப்பாக அச்சிட்டு, உபுண்டுவில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளைக் கொண்டு பிடிஎஃப் ஆக்கினால் எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்துவிடுகிறது. வழக்கமாக வரும் வாடிக்கையாளர்களின் கோப்புகளை இப்படித்தான் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

அடாப்டருடன் அதே கடையில் ஒரு யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவும் வாங்கினேன். 1.44 எம்பி ஃபிளாப்பிகளை அது படிக்கிறது. பழைய மேக்கின்டாஷில் எழுதிய 800 கேபி ஃபிளாப்பிகளை எந்த யுஎஸ்பி டிரைவும் படிக்காது, ஏனெனில் அவற்றில் தரவைப் பதிக்கும் முறையே வேறு. எங்கள் அலமாரியில் இருந்த ஒரு டப்பா ஃபிளாப்பியில் பாதி, பூஞ்சை பிடித்து டிரைவின் தலையை அழுக்காக்கியதுதான் மிச்சம். உலோக மூடியை விரலால் நகர்த்தி, உள்ளே வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டே செருகுங்கள். இல்லையென்றால் அந்தப் பூஞ்சை அடுத்த ஃபிளாப்பிக்கும் போய்ச் சேரும்.