ஓயெஸ்: அரசிடம் கேட்ட கேள்விகளைக் காதால் கேட்கத் தரும் காப்பகம்

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் வாய்மொழி வாதங்களைக் கட்டணமின்றிக் கேட்கத் தரும் ஓயெஸ் இணையக் காப்பகத்தை முழுமையாக மதிப்பிடுவது இங்கு நோக்கமல்ல. நாட்டின் பாதுகாப்பு என்ற காரணத்தை அரசு முன்வைக்கும் வழக்குகளைப் புரிந்துகொள்ள அது எவ்வளவு உதவுகிறது என்பதை மட்டும் பார்க்கிறேன். ஜெரி கோல்ட்மன் என்ற பேராசிரியர் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இத்திட்டத்தை, இப்போது கார்னெல் பல்கலைக்கழகத்தின் சட்டத் தகவல் நிறுவனமும் சிகாகோ-கென்ட் சட்டக் கல்லூரியும் சட்டத் தகவல் இணையதளமான ஜஸ்டியாவும் சேர்ந்து நடத்துகின்றன.

ஒவ்வொரு வழக்கின் பக்கத்திலும் வழக்கின் பின்னணி, நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி, முடிவு ஆகியவை சில பத்திகளில் இருக்கின்றன. ஒலிப்பதிவை ஓடவிட்டால் எழுத்துப்படியும் கூடவே நகர்கிறது, பேசுபவரின் பெயரும் தெரிகிறது. இந்தப் பெயர் சாதாரண வசதி அல்ல. 2004 அக்டோபரில் தொடங்கிய அமர்வுக்கு முன்பு வரை, நீதிமன்றத்தின் அதிகாரப்பூர்வ எழுத்துப்படியில் கேட்ட நீதிபதியின் பெயர் இருக்காது, ‘கேள்வி’ என்று மட்டுமே இருக்கும். குரலை வைத்து ஆளை அடையாளம் கண்டு பெயர் சேர்த்த உழைப்புக்காகவே இந்தக் காப்பகத்தைப் பாராட்டலாம்.

இதன் உண்மையான பயனைக் காட்ட, 2004 ஏப்ரல் 28 அன்று வாதாடப்பட்ட ரம்ஸ்ஃபெல்ட் எதிர் படில்லா வழக்கு ஒன்றே போதும். அமெரிக்க மண்ணில் பிடிபட்ட ஓர் அமெரிக்கக் குடிமகனை ‘எதிரிப் போராளி’ என்று அறிவித்து, குற்றம் சாட்டாமலே ராணுவக் காவலில் வைக்க முடியுமா என்பதுதான் அங்கே கேள்வி. சற்றே சித்திரவதை செய்தால் தகவல் கிடைக்கும் என்று நிர்வாகம் கருதினால் அதைத் தடுப்பது எது என்று நீதிபதி கின்ஸ்பர்க் கேட்கிறார். நமது நிர்வாகம் அப்படிச் செய்வதில்லை என்கிறார் அரசுத் தரப்பில் வாதாடிய பால் கிளெமென்ட். அன்று இரவே, இராக்கின் அபு கிரைப் சிறையில் கைதிகளை அமெரிக்கப் படையினர் கொடுமைப்படுத்திய படங்களை சிபிஎஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. ஜூனில் வந்த தீர்ப்போ, ஆட்கொணர்வு மனுவை நியூயார்க்கில் தாக்கல் செய்தது தவறு, தென் கரோலினாவில் செய்திருக்க வேண்டும் என்று 5-4 என்ற கணக்கில் முடிந்துவிட்டது. பெரும்பான்மைத் தீர்ப்பை மட்டும் படிப்பவருக்கு இது எந்த மாவட்ட நீதிமன்றத்துக்கு அதிகாரம் என்ற தகராறாகத்தான் தெரியும். அந்த அறையில் உண்மையில் எது விவாதிக்கப்பட்டது என்பதை ஒலிப்பதிவில்தான் அறிய முடிகிறது.

அதே நாளில் வாதாடப்பட்ட ஹம்தி வழக்கையும் சேர்த்துக் கேட்க வேண்டும். லூசியானாவில் பிறந்து ஆப்கானிஸ்தானில் பிடிபட்ட ஹம்திக்காக வாதாடிய ஃபிராங்க் டன்ஹம், தன் பதிலுரையில், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நியாயமற்றதையும் நியாயமாக ஒலிக்கச் செய்யும் திறமைசாலி என்று புகழ்ந்துவிட்டு, அவர் வாதத்தின் சாரம் ‘எங்களை நம்புங்கள்’ என்பது மட்டும்தான் என்கிறார். தேசியப் பாதுகாப்பு வழக்குகள் பலவற்றிலும் அரசுத் தரப்பு கேட்பது இந்த நம்பிக்கையைத்தான் என்பதை, அவ்வளவு சுருக்கமாக வேறெவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வியட்நாம் போர் பற்றிய ரகசிய அரசு ஆய்வைப் பத்திரிகைகள் வெளியிடுவதைத் தடுக்க அரசு தொடுத்த, 1971 ஜூன் 26, சனிக்கிழமை வாதாடப்பட்ட பென்டகன் ஆவணங்கள் வழக்கு வேறு வகை. பத்திரிகைச் சுதந்திரத்தைக் குறைக்கும் சட்டம் எதையும் இயற்றக் கூடாது என்ற அரசியலமைப்பின் வாசகத்துக்கு எழுத்துக்கு எழுத்து பொருள் கொள்ளும் முதிய நீதிபதி பிளாக்கிடம், அந்தப் பொருள் உங்களுக்கு வெளிப்படையாகத் தெரிவது போலவே அதற்கு எதிரானது எனக்கு வெளிப்படையாகத் தெரிகிறது என்று அரசுக்காக வாதாடிய சொலிசிட்டர் ஜெனரல் கிரிஸ்வோல்ட் சொல்லும் இடம் ரசிக்கத்தக்கது. அதைவிட முக்கியமானது, நியூயார்க் டைம்ஸ் வழக்கறிஞர் பிக்கல் திணறும் இடம். வெளியிட்டால் நூறு இளைஞர்கள் சாவார்கள் என்றால் என்ன செய்வீர்கள் என்று நீதிபதி ஸ்டூவர்ட் மடக்குகிறார். பிக்கலோ, அத்தகைய நிலையில் தன் மனிதாபிமானமே சட்டப்பற்றை வென்றுவிடும் என்று ஒப்புக்கொள்கிறார். பத்திரிகைகள் 6-3 என்று வென்ற வழக்கு இது என்று நினைவில் வைத்திருப்பவர்கள், வெற்றி எவ்வளவு மெல்லிய தரையில் நின்றது என்பதை இங்கே கேட்கலாம்.

குறைகளும் உண்டு. ஒலிப்பதிவு முறை 1955 அக்டோபரில்தான் தொடங்கியது என்பதால், இந்தத் துறையின் அடித்தள வழக்குகளான, ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களைப் போர்க்காலத்தில் வெளியேற்றியது பற்றிய கொரமட்சு (1944), எஃகு ஆலைகளை அதிபர் ட்ரூமன் கைப்பற்றிய யங்ஸ்டவுன் (1952), ரகசியங்களை நீதிமன்றத்தில் வெளியிட அரசு மறுக்கலாம் என்ற அரசு ரகசியச் சலுகையை நிலைநாட்டிய ரெனால்ட்ஸ் (1953) ஆகியவற்றின் வாதங்களைக் கேட்க வழியில்லை. இது காப்பகத்தின் பிழை அல்ல. வெளிநாட்டு உளவுக் கண்காணிப்பு நீதிமன்றம் போல மூடிய கதவுக்குள் நடப்பவையும் இதன் வரம்புக்கு வெளியே.

காப்பகத்தின் மேல் எனக்குள்ள உண்மையான மனக்குறை வேறு. தீர்ப்போடு வழக்கின் கதை முடிந்துவிட்டது போன்ற தோற்றத்தை அதன் அமைப்பு தருகிறது. வெளிநாட்டினருடனான தொலைபேசி, மின்னஞ்சல் தொடர்புகளின் கண்காணிப்பை எதிர்த்த கிளாப்பர் வழக்கின் 2012 வாதத்தில், கண்காணிப்பில் கிடைத்த தகவலைப் பயன்படுத்தினால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அறிவிப்போம், அவர் அதை எதிர்த்து வாதாடலாம் என்று அரசு சொன்னது. நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டு 2013 பிப்ரவரியில் 5-4 என்று வழக்குத் தொடுத்தவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அப்படி அறிவிக்கும் வழக்கமே நடைமுறையில் இருக்கவில்லை என்பது அதே ஆண்டில்தான் வெளியே வந்தது. பென்டகன் ஆவணங்களால் நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு வந்த சுவடே தெரியவில்லை என்று அதே கிரிஸ்வோல்ட் 1989-இல் எழுதினார். வாதத்தைக் கேட்பவருக்கு இத்தகைய பின்கதை அவசியம் தேவை, அதை அவரே வேறிடத்தில் தேடிக்கொள்ள வேண்டும்.

சட்ட மாணவருக்கும் செய்தியாளருக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். எழுத்துப்படி கண் முன் நகர்வதால், அமெரிக்க உச்சரிப்புக்குப் பழகாத காதுக்கும் சிரமமில்லை. படில்லாவில் தொடங்கலாம். ஆனால் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்ட வேண்டாம். ஹம்தி வழக்கைப் போல நால்வர் ஒரு கருத்தும் மற்றவர்கள் மூன்று வெவ்வேறு கருத்துகளும் எழுதிய தீர்ப்புகளை முழுமையாகப் படித்தே ஆக வேண்டும்.